பழைய சொகுசு காரின் சொந்தத் திரையிலேயே ரிவர்ஸ் கேமரா: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை திறந்தது 2007 மார்ச்சில். அங்கே கட்டி இறக்கிய 3 சீரிஸ், 5 சீரிஸ் வண்டிகளும், அதே காலத்து மெர்சிடிஸ் சி கிளாஸ், இ கிளாஸ், ஆடி ஏ4, ஏ6 வண்டிகளும் இன்றைக்குப் புதிய சின்னக் காரின் விலைக்கே செகண்ட்ஹேண்டில் கிடைக்கின்றன. ஓட்டத்தில் இப்போதும் குறை சொல்ல முடியாது. பின்னால் எடுக்கும்போதுதான் சங்கடம். உயரமான டிக்கி, சின்னப் பின்கண்ணாடி. திருநெல்வேலி டவுனில் கீழ ரத வீதியிலோ கல்லிடைக்குறிச்சித் தெரு ஒன்றிலோ இந்த நீள வண்டியைத் திருப்பி எடுப்பவருக்கு அது தெரியும். பின்பக்க சென்சாரை அரசு கட்டாயமாக்கியதே 2019 ஜூலை 1 முதல்தான். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் கேமரா கிடையாது.

திரையையே கழற்றிப் போட்டுவிட்டு ஆண்ட்ராய்டு திரை மாட்டுவது ஒரு வழி. அதில் வண்டியின் சொந்த மெனு, பார்க்கிங் சென்சார் படம், சர்வீஸ் தகவல் எல்லாம் அரைகுறையாகிவிடும் வாய்ப்பு உண்டு. கண்ணாடிமேல் ஒட்டும் தனித் திரை வேலையை முடித்துவிடும், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது. இங்கே சொல்லப்போவது மூன்றாவது வழி: கம்பெனித் திரையை அப்படியே வைத்துக்கொண்டு, ரிவர்ஸ் விழுந்தால் மட்டும் அதில் கேமராப் படத்தை வரவைப்பது. பொறுமையாகச் செய்தால் ஒரு முழு நாள் வேலை.

முதலில் திரை, கேமரா கடைசியில்

பெரும்பாலானவர்கள் கேமராவை வாங்கிவிட்டு வந்துதான் மற்றதை யோசிக்கிறார்கள். தலைகீழ். கேமராவை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பணம் போவது வீடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிக்குத்தான், அது உங்கள் திரைக்குப் பொருந்தாவிட்டால் எதற்கும் உதவாது.

இந்த வண்டிகளில் டேஷ்போர்டில் தெரியும் திரை பெரும்பாலும் வெறும் காட்சிப் பலகை. படத்தை உருவாக்குவது அதற்குக் கீழேயோ வேறு இடத்திலோ இருக்கும் ஹெட் யூனிட். இரண்டுக்கும் நடுவே எல்விடிஎஸ் என்ற டிஜிட்டல் வீடியோ கேபிள் ஓடுகிறது. இன்டர்ஃபேஸ் பெட்டி அந்தக் கேபிளின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். மற்ற நேரத்தில் கம்பெனிப் படத்தை அப்படியே கடத்திவிடும். ரிவர்ஸ் கியர் விழுந்த செய்தி, வண்டியின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைனில் வந்ததும் கேமராப் படத்துக்கு மாற்றிவிடும். ஆகவே திரையின் அளவு, ரெசல்யூஷன், கனெக்டரின் முனைகள், கேன் லைனின் மொழி நான்கும் பொருந்தினால்தான் படம் வரும்.

பிஎம்டபிள்யூ என்றால் கியருக்குப் பக்கத்தில், திரையை இயக்கும் ஐடிரைவ் குமிழைப் பாருங்கள். குமிழைச் சுற்றி ஓரிரு பட்டன் மட்டும் இருந்தால் பழைய சிசிசி தலைமுறை. ரேடியோ, சிடி, டெல், நேவ், மெனு, பேக், ஆப்ஷன் என்று ஏழு பட்டன் சூழ்ந்திருந்தால் 2008 கடைசியில் வரத் தொடங்கிய சிஐசி. இரண்டுக்கும் பெட்டி வேறு. மெர்சிடிஸ் டபிள்யூ204 சி கிளாஸில் மூடி திறந்து திரை எழும்பினால் என்டிஜி 4 தலைமுறை. 2011இல் முகம் மாறியபின் வந்த, டேஷ்போர்டிலேயே பதிந்த திரை என்டிஜி 4.5. ஆடியில் ஆண்டை நம்பவே நம்பாதீர்கள். ஒரே ஏ4 மாடலில் சாதாரண ரேடியோத் திரையும் உண்டு, எம்எம்ஐ (ஆடியின் திரை அமைப்பு) 2ஜி, 3ஜி என்று நேவிகேஷன் உள்ளவையும் உண்டு. செட்டப் மெனுவில் வரும் மென்பொருள் வரியைப் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பிக் கேளுங்கள்.

ஆர்சி புத்தகத்தில் பதிவு தேதியைப் பார்க்காதீர்கள், தயாரித்த மாதத்தைப் பாருங்கள். ஒரு ஆண்டின் நடுவில் கட்டிய வண்டி அடுத்த ஆண்டு விற்றுப் பதிவாகியிருப்பது சர்வசாதாரணம். தலைமுறை மாறிய ஆண்டு என்றால் இதிலேயே தப்பு நடந்துவிடும்.

இதற்கெல்லாம் மேலான ஒரு வழி உண்டு: பெட்டி வாங்குவதற்கு முன்பே ஹெட் யூனிட்டைக் கழற்றி, பின்பக்க லேபிளையும் எல்விடிஎஸ் கனெக்டரையும் படம் எடுத்துவிடுவது. கனெக்டர் 4 முனையா, 4+2 முனையா, 10 முனையா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஒரு மணி நேரம் கூடுதல். ஆனால் பார்சலைத் திருப்பி அனுப்பும் அலைச்சல் மிச்சம். விற்பவரிடம் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள். இந்த லேபிள் எண்ணுக்குப் பொருந்துமா? கேமராவுக்கு 12 வோல்ட் வெளியே தரும் வயர் உண்டா? சாதாரண அனலாக் படம் தரும் சிவிபிஎஸ் கேமரா மட்டுமா, கூடுதல் தெளிவுள்ள ஏஹெச்டி கேமராவையும் ஏற்குமா?

வாங்க வேண்டியவை

இன்டர்ஃபேஸ் பெட்டி, அதோடு வரும் வயரிங் தொகுப்பு. ஹெட் யூனிட்டின் பெரிய சதுர கனெக்டருக்கு நடுவில் செருகும் வகையாக இருக்க வேண்டும். வயரை வெட்டி ஒட்டும் வகை வேண்டாம்.

கேமரா ஐபி68 தரம் (தூசியும் தண்ணீரும் புகாதது), பார்வைக் கோணம் 120 முதல் 140 டிகிரி. விளம்பரத்தில் 170 டிகிரி என்று போட்டிருப்பது பெருமைக்கு. அதில் தூரம் எல்லாம் பொய்யாகத் தெரியும், பக்கத்துச் சுவர் பத்தடி தள்ளி நிற்பதுபோல் இருக்கும். நம்பர் பிளேட் விளக்கின் இடத்திலேயே விளக்கோடு சேர்ந்து உட்காரும் கேமரா, அல்லது டிக்கிக் கைப்பிடியோடு வரும் கேமரா, இரண்டில் ஒன்றை எடுங்கள். தகரத்தில் ஓட்டை போடத் தேவையில்லை. பூட்டு ஆணி அடித்த உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருந்தால் அதைத் தொடவும் வேண்டியதில்லை.

ஆர்சிஏ வீடியோ கேபிள் 6 மீட்டர், கூடவே ஓடும் சிவப்பு வயரோடு. நீளமான செடானுக்கு இது சரியாக இருக்கும். 10 மீட்டர் வாங்கி மிச்சத்தைச் சுருட்டி வைத்தால் அந்தச் சுருளே இரைச்சலை இழுக்கும்.

இன்லைன் ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, 2 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு. ஹீட் ஷ்ரிங்க் குழாய், கேபிள் டை, வயரிங் கட்டும் துணி டேப். கறுப்புப் பிளாஸ்டிக் இன்சுலேஷன் டேப் நம்ம ஊர் சித்திரை வெயிலில் பசை உருகி வழிந்து, கையிலும் வயரிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். காருக்குள் அதைப் போடாதீர்கள். நட்சத்திரத் தலைத் திருகுக்கான டார்க்ஸ் பிட்டுகள் டி8, டி10, டி15, டி20. பிளாஸ்டிக் நெம்புகோல் செட். மல்டிமீட்டர். வயர் இழுக்கக் கட்டுக்கம்பி இரண்டு மீட்டர். டிரிம் கிளிப் ஒரு பத்து கூடுதலாக. பதினைந்து வருட வெயிலில் காய்ந்த கிளிப் எப்படியும் உடையும்.

கை வைக்கும் முன்

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையோரம் தண்ணீரில் நின்ற வண்டிகள் சில கைமாறிச் சுற்றுகின்றன. செகண்ட்ஹேண்டில் வாங்கியது என்றால் முதலில் டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னிக் குழியைப் பாருங்கள். வண்டல் கோடு, கனெக்டரில் பச்சைக் களிம்பு, தரை விரிப்பின் அடியில் ஈர வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் கேமரா வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வயரிங்கைச் சுத்தம் செய்யுங்கள். ஆடி ஏ6இல் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் டிக்கியின் இடப்பக்கத்தில் இருப்பதால் தண்ணீர் முதலில் பதம் பார்ப்பது அவற்றைத்தான்.

எல்லா மெனுவையும் ஒருமுறை ஓட்டி, எது வேலை செய்கிறது, எது ஏற்கெனவே செய்யவில்லை என்று போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு "நீங்க கைவச்சதுலதான் போச்சு" என்ற பேச்சுக்கே இடமிருக்காது, அது உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதாக இருந்தாலும் சரி.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டேஷ்போர்டு வேலையில் கியரைக் கீழே இறக்க வேண்டிவரும், அப்போது வண்டி உருளக்கூடாது. கண்ணாடி ஒன்றை இறக்கி, டிக்கியைத் திறந்தே வையுங்கள். பிஎம்டபிள்யூ இ60 (5 சீரிஸ்), இ90 (3 சீரிஸ்) வண்டிகளில் பேட்டரியே டிக்கியின் வலப்பக்கம் இருக்கிறது; கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு டிக்கியை மூடினால் மின்பூட்டு திறக்காது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஏர்பேக் கம்ப்யூட்டரின் கெபாசிட்டர் வடிவதற்குத்தான் அந்த நேரம். மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கனெக்டர் எல்லாம் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைக் கழற்றாதீர்கள், அவற்றோடு சேர்த்து எதையும் கட்டாதீர்கள்.

டேஷ்போர்டைத் திறப்பது

கியர் குமிழையும் நடுக் கன்சோலையும் கனமான துண்டால் மூடுங்கள். ஹெட் யூனிட்டின் கூர் விளிம்பு கீறப்போவது அந்த இடத்தைத்தான். மரப்பட்டை அல்லது அலுமினியப் பட்டையைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் ஓரத்திலிருந்து தொடங்கிச் சீராகத் தூக்குங்கள். ஏசி போட்டுக் குளிர்ந்த பிளாஸ்டிக் சட்டென்று வெடிக்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போது இணங்கும். காலை பத்து மணிக்கு மேல், நிழலில், கதவு திறந்து வைத்துச் செய்வது நல்லது. சில வண்டிகளில் பட்டன்மேல் பூசிய மெல்லிய ரப்பர் பூச்சு பிசுபிசுத்துப் போயிருக்கும். அதில் நகம் படக்கூடாது, ஸ்பிரிட் போட்டும் துடைக்கக்கூடாது, பூச்சே உரிந்து வந்துவிடும்.

பட்டை வந்ததும் ஏசி வென்ட், அதன் பின்னால் டார்க்ஸ் திருகுகள். மாடலுக்கு மாடல் எண்ணிக்கை மாறும். கழற்றிய வரிசையிலேயே திருகுகளை ஒரு மாஸ்கிங் டேப்பில் ஒட்டிப் பக்கத்தில் எழுதுங்கள். யூனிட்டை முழுவதும் இழுக்க வேண்டாம், கை நுழையும் அளவுக்கு வெளியே கொண்டுவந்து பின்பக்கம் பாருங்கள்.

அங்கே ஆரஞ்சு அல்லது பச்சை உறையில் மெல்லிய ஒளியிழைக் கேபிள் தெரிந்தால் அது மோஸ்ட் லைன். இதில் செம்பு இல்லை, ஒளிதான் ஓடுகிறது. 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைத்தால் ஒளி தப்பிப்போகும். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், நேவிகேஷன் எல்லாம் ஒரே வளையத்தில் இருப்பதால் ஓரிடத்தில் மடிந்தால் மொத்தச் சத்தமும் போய்விடும். பெட்டியைத் திணிக்கும்போது இதை மடக்கிவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் சேதம். முனையைக் கழற்ற நேர்ந்தால் விரல் படாமல் சுத்தமான மூடி போட்டு வையுங்கள்.

எல்விடிஎஸ் கேபிளைக் கழற்றிப் பெட்டியின் உள்வாயில் செருகி, பெட்டியோடு வந்த கேபிளைத் திரைக்கோ யூனிட்டுக்கோ கொண்டுபோங்கள். பூட்டு நாக்கு 'டக்' என்று விழ வேண்டும். அரைகுறையாகச் செருகினால் திரையில் நிறம் பிசகும், பனித்துளிபோல் புள்ளி வரும். பெரிய சதுர கனெக்டரையும் அதேபோல் தொகுப்பின் நடுவில் இணைத்துவிட்டால் பெட்டிக்கு கரண்ட்டும் கேன் செய்தியும் கிடைத்துவிடும்.

பெட்டியின் பக்கவாட்டில் குட்டி டிப் சுவிட்ச் வரிசை இருக்கும். எந்த எண் மேலே, எந்த எண் கீழே என்பது கூட வரும் தாளில் உங்கள் யூனிட்டுக்கு எதிரே இருக்கும். கேமரா கம்பெனியுடையதா, வெளியே வாங்கியதா என்பதற்கும் ஒரு சுவிட்ச் உண்டு. அதை 'வெளியே வாங்கியது' பக்கம் தள்ள மறப்பவர்கள் ஏராளம். கரண்ட் இருக்கும்போது சுவிட்சை மாற்றினால் பெரும்பாலான பெட்டிகள் கண்டுகொள்ளாது. பெட்டியின் கனெக்டரைப் பிடுங்கி, மாற்றி, மீண்டும் செருக வேண்டும்.

சீட்டில் வைத்தே சோதனை

இப்போது பேட்டரியைக் கொடுங்கள். கேபிளை இன்னும் டிக்கிக்கு இழுக்காதீர்கள். கேமராவை முன்சீட்டில் வைத்து, பெட்டியின் கேமரா வாயில் ஆர்சிஏவைச் செருகி, பெட்டியின் 12 வோல்ட் வெளியீட்டிலிருந்தே கரண்ட் கொடுத்து, இக்னிஷன் போட்டு, பிரேக்கை மிதித்து ரிவர்ஸ் போடுங்கள். திரையில் உங்கள் முழங்கால் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தெரியவில்லையென்றால் கோளாறு இந்தக் கையகல இடத்துக்குள்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் மாட்டி மூடியபிறகு கண்டுபிடிப்பதென்றால் பெட்டியா, ஆறு மீட்டர் கேபிளா, டிக்கி வயரா, கேமராவா என்று நான்கு இடம் தேட வேண்டும். இக்னிஷன் நெடுநேரம் ஓடினால் பேட்டரி இறங்கி, வேறு வேறு எச்சரிக்கைகள் வந்து குழப்பும். சோதனை முடியும்வரை சார்ஜர் போட்டு வைப்பது உத்தமம்.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது

கேமராவுக்கு ரிவர்ஸ் லைட்டிலிருந்து கரண்ட் எடுப்பதுதான் ஊர் வழக்கம். வண்டியை எலக்ட்ரீஷியனிடம் விட்டால் அவர் முதலில் போய் நிற்கும் இடமும் அதுதான். "அண்ணாச்சி, நேரா ரிவர்ஸ் லைட்டுல சேத்துராதீய" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆல்டோவிலும் அம்பாசடரிலும் அது சரி. இந்த வண்டிகளில் அப்படியல்ல.

காரணம் இது. சாதாரண காரில் ரிவர்ஸ் சுவிட்ச் மூடினால் பல்புக்கு நேரடியாக 12 வோல்ட் போகும். இவற்றில் பல்பை ஓட்டுவது ஒரு கம்ப்யூட்டர். எஞ்சின் ஓடும்போது வண்டியின் வோல்டேஜ் 14க்கு மேல் ஏறும். பல்பின் ஆயுள் குறையாமல் இருக்க அந்தக் கம்ப்யூட்டர் கரண்ட்டை நொடிக்குப் பல தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும். பல்பின் இழை சூட்டிலேயே இருப்பதால் நம் கண்ணுக்கு வெட்டுவது தெரியாது. கேமராவோ ஒவ்வொரு வெட்டிலும் அணைந்து எழுகிறது. திரையில் கறுப்புப் பட்டை ஓடும், படம் சிமிட்டும், சில நேரம் வரவே வராது. போதாததற்கு, விளக்கு எரியாத நேரத்திலும் பல்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கச் சின்னச் சின்ன துடிப்புகளை அனுப்பும். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் '12 வோல்ட் வருதே' என்று ஏமாந்துவிடுவோம்.

ஆகவே நம் பரிந்துரை, ரிவர்ஸ் லைட்டைத் தொடவே வேண்டாம். பெட்டியின் 12 வோல்ட் கேமரா வெளியீட்டை ஆர்சிஏ கேபிளோடு ஓடும் சிவப்பு வயரில் இணைத்துப் பின்னால் கொண்டுபோங்கள். ரிவர்ஸ் விழும்போது மட்டும் வரும் சுத்தமான கரண்ட் அது. நடுவில் 2 ஆம்பியர் ஃபியூஸ். கேமரா இழுப்பது பொதுவாக 100 முதல் 200 மில்லி ஆம்பியர்தான். அந்த மெல்லிய வயரில் ஆறு மீட்டர் ஓடினாலும் இழப்பு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கவலை வேண்டாம்.

பெட்டியில் அந்த வெளியீடு இல்லை, ரிவர்ஸ் லைட்டைவிட்டால் வழியில்லை என்றால்: லைட்டின் பாசிட்டிவிலிருந்து 1என்4007 டையோடு ஒன்று தொடராக, வெள்ளைக் கோடு கேமரா பக்கம். டையோடுக்குப் பின்னால் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று. அதன் கோடு போட்ட கால் எர்த்துக்கு. வெட்டுக்கு நடுவே கேமராவுக்குக் கெபாசிட்டர் கரண்ட் கொடுக்கும். அது பல்புக்குத் திரும்ப ஓடாமல் டையோடு தடுக்கும். இன்னும் சிமிட்டினால் 2200 போடலாம். அதற்கு மேல் போனால், முதல் கணத்தில் அது இழுக்கும் கரண்ட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஷார்ட் என்று எண்ணி லைட்டையே அணைத்துவிடக்கூடும். 16 வோல்ட் கெபாசிட்டர் வேண்டாம், 14.5 வோல்ட்டும் டிக்கிக்குள் அடைபடும் சூடும் சேர்ந்து சீக்கிரம் உப்பிவிடும். வயரைக் கிள்ளிப் பிடிக்கும் நீலக் கிளிப்பும் ஆகாது. ஈயம் வைத்து ஒட்டி ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

டிக்கிக் கதவும் ரப்பர் குழாயும்

டிக்கிக் கதவின் உள்விரிப்பைக் கழற்றினால் நம்பர் பிளேட் விளக்கின் பின்பக்கம் கைக்கு எட்டும். கேமரா வைத்த விளக்கை மாட்டி, விளக்கு எரிகிறதா, டேஷ்போர்டில் பல்பு எச்சரிக்கை வருகிறதா பாருங்கள். எச்சரிக்கை வந்தால் அந்த எல்இடி இழுக்கும் கரண்ட் போதவில்லை என்று பொருள். பிழை வராத வகை என்று சொல்லி விற்கும் விளக்கு வாங்கியிருக்க வேண்டும்.

கேமராவின் வயர் உள்ளே நுழையும் இடத்துக்கு முன் ஒரு தொங்கல் விடுங்கள். சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் நாள் முழுக்கச் சிணுங்கும் தூறலில் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே நடக்கும். தொங்கலின் அடியில் அது சொட்டிவிடும், இல்லாவிட்டால் நேராக உள்ளே போகும்.

அடுத்தது, இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கும் இடம். டிக்கிக் கதவிலிருந்து பாடிக்குப் போகும் கம்பெனி வயர்கள் கீலுக்குப் பக்கத்தில் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய்க்குள் ஓடும். நம் கேபிளும் அதற்குள்தான் போக வேண்டும். வெளியே ஓரமாக விட்டால் பீடிங்கைத் தூக்கி மழைநீர் இறங்கும், ஒருநாள் நசுங்கி அறுந்தும் போகும். குழாயின் இரு முனையையும் பாடியிலிருந்து விடுவித்து, இயன்றவரை நேராக இழுத்துப் பிடியுங்கள். கட்டுக்கம்பியின் முனையைச் சின்ன வளையமாக மடக்கி, துணி டேப்பால் மழுங்கச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாடி பக்கத்திலிருந்து மெல்லச் செலுத்துங்கள். கூர்முனையோடு தள்ளினால் பழைய வயரின் உறையைக் குத்திவிடும். கம்பி மறுபக்கம் வந்ததும் கேபிளின் மெல்லிய முனையை அதில் கட்டி, ஒருவர் இழுக்க ஒருவர் தள்ள வேண்டும். பெரிய ஆர்சிஏ முனை எப்படியும் நுழையாது. அதனால் இணைப்பு பாடி பக்கத்தில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயைத் திறந்திருக்கும்போதே பழைய வயர்களையும் விரித்துப் பாருங்கள். பதினைந்து வருடம் திறந்து மூடியதில் உறை வெடித்துச் செம்பு தெரிவது இங்கேதான். டிக்கி விளக்கு எரியாதது, பூட்டு சில நேரம் திறக்காதது எல்லாவற்றுக்கும் பல வண்டிகளில் இந்த ஒரு சாண் இடமே காரணம். இப்போதே சரிசெய்துவிடலாம்.

எர்த்தைக் கீல் வழியாக நம்பாதீர்கள். பெயின்ட்டும் கிரீஸும் நடுவில் நிற்கும். டிக்கிக்குள் கம்பெனியே கொடுத்திருக்கும் எர்த் போல்ட்டில் ரிங் டெர்மினல் போட்டு இறுக்குங்கள்.

கேபிள் முன்னுக்கு வரும் பாதை

பெட்டியோடு வரும் படங்கள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கு வரைந்தவை. நம் வண்டியில் இடப்பக்கம் பயணி பக்கம்; மிதி பெடல் தொல்லை கிடையாது. அந்தப் பக்கமே வாருங்கள். பின்சீட்டின் ஓரம், கதவுப் படி பிளாஸ்டிக்கின் அடி, பயணியின் கால் பக்கம், க்ளவ் பாக்ஸின் பின்புறம், ஹெட் யூனிட். படி பிளாஸ்டிக்கின் கீழ் கம்பெனி வயருக்கென்று ஒரு வாய்க்கால் இருக்கும். அதில் படுக்கவைத்து 20 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டு. நடுத்தூண் கீழே சீட்பெல்ட் இழுப்பான் அருகில் மஞ்சள் வயர் இருக்கும், அதைவிட்டு விலகியே போகட்டும். மேல்வழியாக, கூரை ஓரம் இழுப்பதை நாம் ஏற்பதில்லை. அங்கே பக்கவாட்டில் திரைச்சீலைபோல் விரியும் ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறது, அதன்முன் கேபிள் ஓடினால் விரியும்போது வினையாகும்.

ஹெட் யூனிட்டைத் தள்ளும் முன் பெட்டியைக் க்ளவ் பாக்ஸின் பின்னால், துணி டேப் சுற்றி, ஆடாமல் கட்டுங்கள். யூனிட்டின் பின்னாலேயே திணித்தால் சூடும் அதிகம், மோஸ்ட் கேபிள் மடிவதும் அங்கேதான். யூனிட் கடைசி ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக மறுத்தால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து வயரை ஒதுக்கிவிட்டு மறுபடி தள்ளுங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் ஸ்டெபிலிட்டி விளக்கு எரியலாம். எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் ஒருமுறை திருப்பி, கொஞ்ச தூரம் ஓட்டினால் பொதுவாக அணைந்துவிடும். கண்ணாடி ஒரே தட்டில் ஏறவில்லையென்றால் முழுவதும் ஏற்றி, பட்டனைச் சில வினாடி பிடித்தே இருங்கள்.

கோடுகளைச் சரிசெய்ய கோலப்பொடி

திரையில் வரும் வண்ணக் கோடுகளை அப்படியே நம்பினால் மோதுவீர்கள். வண்டியை நேராக நிறுத்தி, பம்பரின் விளிம்பிலிருந்து தரையில் அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர் அளந்து கோலப்பொடியால் குறுக்குக் கோடு போடுங்கள். வண்டியின் அகலத்துக்கு இருபுறமும் ஒரு சாண் கூட்டி நெடுக்கே இரண்டு கோடு. இப்போது ரிவர்ஸ் போட்டுத் திரையைப் பாருங்கள். பம்பரின் உதடு படத்தின் அடியில் கொஞ்சமாவது தெரியும்படி கேமராவைச் சாய்க்க வேண்டும். அது தெரியாவிட்டால் கடைசி ஒரு அடி கண்ணுக்கே வராது. பிறகு பெட்டியின் மெனுவில் கோடுகளை நகர்த்தித் தரைக் கோட்டின்மேல் உட்காரவையுங்கள். மெனு இல்லாத பெட்டியென்றால் சிவப்புக் கோடு உண்மையில் எத்தனை தூரம் என்பதையாவது மனதில் பதியவைத்துக்கொள்ளலாம்.

இரட்டைக் கோடு வந்தால் கேமராவும் பெட்டியும் தனித்தனியாக வரைகின்றன என்று அர்த்தம். பல கேமராக்களின் வால் வயரில் குட்டியாக இரண்டு வளையம் இருக்கும். ஒன்றை வெட்டினால் கோடு போகும், இன்னொன்றை வெட்டினால் இடவலம் மாறும். எந்த நிறம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் தாளைப் பார்க்காமல் கத்தரி வைக்காதீர்கள். சரியான படத்தில், வண்டியின் இடப்பக்கம் நிற்பவர் திரையிலும் இடப்பக்கமே தெரிய வேண்டும்.

கோளாறு வந்தால்

ரிவர்ஸ் போட்டதும் திரை கறுப்பாகி நிற்கிறது என்றால் பெட்டி மாறிவிட்டது, கேமராதான் வரவில்லை. கேமரா முனையில் 12 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தும் படம் இல்லையென்றால் ஏஹெச்டி கேமராவைச் சிவிபிஎஸ் மட்டும் ஏற்கும் பெட்டியில் செருகியிருப்பீர்கள்.

திரை மாறவே இல்லை, கம்பெனி மெனுவே நிற்கிறது என்றால் கேன் செய்தி வரவில்லை. சுவிட்ச் வரிசையை மீண்டும் சரிபாருங்கள். அப்படியும் வராவிட்டால் பெட்டியின் தனி டிரிகர் வயருக்கு ரிவர்ஸ் சிக்னல் கொடுக்க வேண்டும். லைட்டிலிருந்து எடுப்பதென்றால் மேலே சொன்ன டையோடு, கெபாசிட்டர் இதற்கும் தேவை.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ கேமராவின் வீடியோ முறையும் (பால், என்டிஎஸ்சி என்று இரண்டு உண்டு) பெட்டியின் முறையும் பொருந்தவில்லை. எஞ்சின் ஓடும்போது மட்டும் சாய்ந்த கோடுகள் நகர்ந்தால் எர்த் கோளாறு. கேமராவின் எர்த்தை வேறு போல்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பார்க்கிலிருந்து டிரைவுக்குக் கியர் போகும்போது ரிவர்ஸைக் கடக்கும் கணத்தில் படம் மின்னி மறைவது கோளாறு அல்ல.

சத்தம் மொத்தமாகப் போய், திரையும் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தால் மோஸ்ட் வளையம் அறுந்திருக்கிறது. யூனிட்டை வெளியே எடுத்து ஒளியிழை மடிந்திருக்கிறதா, முனை முழுவதும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

உவரி, கூடங்குளம் பக்கக் கடல் காற்றிலும், காவல்கிணறு, பணகுடி பக்கக் காற்றில் பறக்கும் மணலிலும் ஓடும் வண்டிக்கு லென்ஸ் சீக்கிரம் மங்கும். காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், மணல் கீறிவிடும். தண்ணீர் விட்டுக் கழுவி மென்துணியால் ஒற்றுங்கள். போர்த் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்புப் புள்ளி படியும். ஏற்கெனவே படிந்திருந்தால் வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து பஞ்சால் துடைத்தால் கரைந்துவிடும்.

மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவது வேறு வகை. பெட்டி தூங்காமல் விழித்தே இருந்து பேட்டரியைக் குடித்திருக்கும். பார்க்க ஒரு வழி: டிக்கியைத் திறந்து வைத்தே பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, வண்டியைப் பூட்டி, முக்கால் மணி நேரம் தொடாமல் விட்டு, பேட்டரி வயரில் டிசி கிளாம்ப் மீட்டர் மாட்டுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேலேயே நின்றால் பெட்டியின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். பெட்டிதான் காரணமென்று தெரிந்தால், அதன் பாசிட்டிவை இக்னிஷன் போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு மாற்றிவிடுங்கள். சோதனை முடிந்து டிக்கியை மூடுவதற்கு முன் பூட்டின் நாக்கைப் பழைய நிலைக்கு விடுவியுங்கள், இல்லாவிட்டால் கதவு நாக்கின்மேலேயே இடித்துத் தகரம் வளையும்.